திங்கட்கிழமைகளில் நான் ஊற்றிய வாளிகள்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம், இடது முழங்கால் மட்டும் ஒவ்வொரு மாடிப்படியிலும் என்னோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், காலை பத்து மணிக்கு, நம் கட்டடத்தின் கீழ்வீட்டுத் தையல்காரரின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: தையல்காரர், அவர்தான் இந்த வருடம் கட்டடத்துக்குச் செயலாளர், நம் எதிர்வீட்டு பஸ் டிரைவரின் மனைவி, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாரே, பழைய தந்தி ஆபீஸ்காரர், அவர், பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த மேலாளர், அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெட்டிப் பெண், நான். ஆக ஆறு பேர். டிரைவர் டியூட்டிக்கும் மகள் கல்லூரிக்கும் போய்விட்டார்கள், தையல்காரரின் மனைவி கடைக்கு, மேல்வீட்டு நர்ஸ் அக்காவும் தங்கையும் வேலைக்கு. யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அத்தனை பேர் முன்னால்தான் உன் அம்மா எழுந்து நின்று, தப்பு என்னுடையது, இந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்காதீர்கள் என்று சொன்னாள். இது வேறு யார் வாய் வழியாகவும் உனக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரியிடம் உன் நம்பர் இருக்கிறது, அவள் சொன்னால் உப்பும் காரமும் கூடத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதே சொல்லலாம் என்று பார்த்தேன். நீ நடந்துகொண்டே பேசினாய், பின்னால் ஏதோ ரயில் சத்தம், நான் ஆரம்பிப்பதற்குள் "அம்மா அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் இது நடந்துகொண்டே கேட்கிற விஷயம் இல்லை, எழுதினால் உட்கார்ந்து படிப்பாய் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசலைப் பார்க்காமல் சாமான் சுற்றி வந்த காகிதத்தை வைத்து எழுத்துக் கற்றவள் நான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நம் சந்துக் கடைசியில் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். தண்ணீர் கேன் அளவு இருக்கும், சாம்பல் நிறம், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூடிக்கு உள்ளே போகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை எட்டு வரைக்கும் அரைமணிக்கு ஒருதரம் ஒரு மடக்கு கழிவுநீரை அது உறிஞ்சி ஒரு பாட்டிலில் சேர்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்து பாட்டிலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போவாள். எதற்கு என்றால், நம் உடம்பில், ஊரையே முகமூடி போடவைத்ததே, அந்தக் கிருமி இருந்தால் இருமல் வருவதற்கு முன்பே கழிப்பறை வழியாக அதன் துணுக்குகள் வெளியே போய்விடுமாம். நமக்கே தெரியாத சங்கதி நம் சாக்கடைக்குத் தெரியும், பார்த்துக்கொள். அந்தக் கிருமியும் சும்மா இருப்பதில்லையாம், ஆறு மாதத்துக்கு ஒருதரம் சட்டையை மாற்றிக்கொண்டு புது ஆளாக வந்துவிடுமாம், எந்தச் சட்டையில் எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது என்பதை இந்தத் தண்ணீரிலேயே பார்த்துவிடலாமாம். அவள் இதை விளக்கிச் சொன்னபோது தையல்காரர், "எந்தக் கடைல தைக்குதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்மா, எனக்கு ஆறு மாசமா ஒரு பெரிய ஆர்டர் இல்ல" என்றார். நம் வட்டாரத்தில் ஐந்து இடத்தில் பெட்டி. மற்ற நாலும் பெரிய தெருக்களில். எத்தனை குறைந்த ஆட்கள் இருந்தாலும் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க ஒரு சின்னக் கட்டடமும் வேண்டும் என்று நம்முடையதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் நான் கழிப்பறையைத் தேய்க்காமல் இருந்ததுண்டா, சொல். படித்தவர்கள் வந்து நம் சாக்கடையைத் திறந்து, பாட்டிலில் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு உடம்பு கூசிப்போனது. இந்தக் கட்டடத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் இவ்வளவு அசிங்கமா என்று ஒருவர் நினைத்துவிட்டால் அது யார் தலையில் விடியும். அதனால் திங்கட்கிழமை காலை, பிரார்த்தனையை முடித்த கையோடு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, கொல்லைப்பக்கம் எல்லாக் குழாயும் வந்து சேருகிற தொட்டியின் மூடியைத் தள்ளி ஊற்றினேன். பெட்டி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதே என்று மத்தியானம் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பெருமைக்குச் செய்தது போல் ஆகிவிடும். என் வழக்கப்படி நோட்டில் மட்டும் எழுதினேன், தேதி, வாளி மூன்று, கரண்டி ஆறு. வாரா வாரம் இப்படித்தான். பெட்டிக்குச் சுத்தமான தண்ணீர் கொடுத்தோம் என்று மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

முதல் செவ்வாயே அந்தப் பெண் கை கழுவத் தண்ணீர் கேட்டு மேலே வந்தாள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தலையில் மஞ்சள் தொப்பி. பூட்ஸைப் படிக்கட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்து, மூன்று முறை சோப்புப் போட்டாள். டீ குடிக்கிறாயா என்று கேட்டேன், "சாக்கடைல கை விட்டுட்டு வந்தவளுக்கு டீயா, முதல் ஆளு நீங்கதாம்மா" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் எட்டேகாலுக்குப் படியில் பூட்ஸ் கழற்றுகிற சத்தம் கேட்கும். எட்டு மணிக்கே தண்ணீரை அடுப்பில் வைத்துவிடுவேன். பதினைந்து நிமிடம்தான் உட்காருவாள், பனிக்கட்டி உருகிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். அவள் அண்ணன் செய்கிற கூத்து, மேலாளருடைய குறட்டை, பரிசோதனைக்கூடத்தில் ஒருவன் சாப்பாட்டு டப்பாவைச் சாம்பிள் வைக்கிற குளிர்பெட்டியில் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. நான் சிரித்தேன் என்றால் நம்புவாயா, சத்தமாகச் சிரித்து எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் யாரிடம் பேசினேன் என்று நோட்டில் எழுதினால் பால்காரர், கேஸ்காரர், ஞாயிற்றுக்கிழமை நீ என்று மூன்று வரியில் முடிந்துவிடும்.

ஒன்பதாவது செவ்வாய் அவள் டீயைத் தொடவில்லை. மற்ற நாலு பெட்டியிலும் நாலாவது வாரமே புதுச் சட்டைக்காரன் தெரிந்துவிட்டானாம், ஆஸ்பத்திரியில் ஆட்கள் வர ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். நம் பெட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை. இல்லை என்றால் நல்லதுதானே என்றேன். அதுதான் இல்லையாம். மிளகாய்ச் செடிக்கு ஒரு வைரஸ் உண்டாம், நமக்கு ஒன்றும் செய்யாது, மிளகாய் தின்கிற மனுஷன் எவனுடைய கழிவிலும் அது இருக்குமாம். பாட்டிலில் இருப்பது உண்மையிலேயே மனுஷர்கள் வீட்டுக் கழிவுநீர்தானா என்று தெரிந்துகொள்ள முதலில் அதைத்தான் தேடுவார்களாம். நம் பாட்டிலில் அதுவும் இல்லை. "அந்த பில்டிங்ல யாருமே காரம் திங்கறதில்லையா, இல்ல நீ போகாமயே குழாய்த் தண்ணியப் புடிச்சுக் குடுத்தியா" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். மூன்று மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவள், அது முடியப் போகிற நேரம். வேறு எதனால் இப்படி ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். "யாராவது வாளி வாளியா ப்ளீச்சிங் கொட்டினாதாம்மா. யாரு கொட்டப் போறா, இது என்ன ஆஸ்பத்திரியா" என்றாள். ப்ளீச்சிங் பவுடர் டப்பா அவள் காலுக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்தது. நான், டீ ஆறுது குடிம்மா என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

அடுத்த திங்கட்கிழமை நான் ஊற்றவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் பாட்டில் சரியாகிவிடும், மேலாளர் வாயும் மூடிவிடும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கடவுளிடமும் அதையே கேட்டேன், என் வாயால் செய்ய வேண்டியதை அவர் தலையில் கட்டப் பார்த்தேன். பாட்டில் சரியாகத்தான் வந்தது. மிளகாயும் இருந்தது, புதுச் சட்டைக்காரனும் இருந்தான். அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. பதினோராவது செவ்வாய் வந்து, கை கழுவிக்கொண்டே முதுகைக் காட்டிச் சொன்னாள். மேலாளர், "நான் சத்தம் போட்ட மறுவாரமே சரியா வருதுன்னா, அதுக்கு முன்ன ஒன்பது வாரமும் நீ ஏமாத்தியிருக்கேன்னுதானே அர்த்தம்" என்று கேட்டிருக்கிறார். அடுத்த செவ்வாய் அவரே நேரில் வந்து விசாரிப்பார், அதோடு என் வேலை முடிந்துவிடும் அம்மா என்றாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். மானம் போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் நீ ஒத்துக்கொள்வாய், பாவம் அம்மா என்பாய். அது இல்லை கண்ணா. இந்தக் கட்டடம் லாயக்கில்லை என்று தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்குப் படியில் சத்தம் கேட்காது. அதற்காகத்தான். ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு தட்டில், என் பதினைந்து நிமிடம் ஒரு தட்டில் வைத்து, மூன்று செவ்வாய் நான் என் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை இன்றுவரைக்கும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, பிரார்த்தனையில் சொன்னேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

விசாரணை அன்று மேலாளர் ஒவ்வொருவராகக் கேட்டார், இந்தப் பெண் வாரா வாரம் வந்தாளா, மூடியைத் திறந்ததைப் பார்த்தீர்களா என்று. தையல்காரர் மெஷின் சத்தத்தில் எதையும் கவனிக்கவில்லை என்றார். தந்தி ஆபீஸ்காரர், "வந்தா, அது சத்தியம். மூடியத் திறந்தாளான்னு என்னைக் கேட்டா, எனக்கு இங்கேர்ந்து உங்க மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுது" என்றார். எதிர்வீட்டுக்காரி, "வருவா, நேரா மேல போயி டீ குடிப்பா, சிரிப்பா, போயிடுவா. அதத்தான் நான் பாத்தேன்" என்றாள். பொய் இல்லை, அவள் பார்த்தது அதைத்தான். மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். பெட்டிப் பெண் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எழுந்தேன், நோட்டைக் கையில் கொண்டுதான் போயிருந்தேன். ஒன்பது திங்கட்கிழமையையும் தேதியோடு படித்தேன். அவர் முதலில் நம்பவில்லை, அவளைக் காப்பாற்ற நான் சொல்கிறேன் என்று நினைத்தார். நோட்டை வாங்கித் தன்னுடைய தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தார். ஆறாவது வாரம் முழங்கால் வலியில் நான் காலையில் ஒரு வாளியோடு நிறுத்தியிருந்தேன், மத்தியானமும் சாயங்காலமும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வாரம் மட்டும் அவர் தாளில் மிளகாய் லேசாகத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாட்டிம்மா, எங்க ஆபீஸ்லயே இப்படி ஒருத்தரும் எழுதறதில்ல" என்றார். தந்தி ஆபீஸ்காரர், சாக்கடையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பெண் பார்க்க அனுப்பியிருக்கிறீர்கள் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்" என்று கேட்டாள். நீ சொன்ன அன்றைக்கே என்றேன். "அப்ப மூணு வாரமா, தெரிஞ்சுக்கிட்டே எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்களா" என்றாள். சொன்னால் நீ வரமாட்டாயே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அதையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வேலை அவளுக்கு நிலைத்துவிட்டது, இன்னும் மூன்று மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பெட்டியை நம் சந்தும் அடுத்த சந்தும் சேருகிற மூலைக்கு மாற்றிவிட்டார்கள், ஒரே ஒரு ஆள் கெடுத்துவிட முடியாத இடமாக வேண்டுமாம். சமையலறை ஜன்னலிலிருந்து மூலை தெரியாது. நேற்று செவ்வாய், துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போனேன், மஞ்சள் தொப்பி தெரிந்தது. குனிந்து பாட்டிலை எடுத்தாள், மூடினாள், போனாள். கோபம் ஆற நாளாகும், ஆறாமலும் இருக்கலாம், அது அவள் நியாயம்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. தந்தி ஆபீஸ்காரருக்கு இருமல் கண்டு பத்து நாள் படுத்திருந்தார், பதினோராவது வாரத்தில்தான் ஆரம்பித்தது. நான் ஊற்றாமல் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்து மனுஷன் சந்தைக்குப் போகாமல் இருந்திருப்பாரோ என்னவோ. விசாரணைக்குக்கூட முகமூடி கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் பதில் சொன்னார். வாசலில் இரண்டு வேளை சாப்பாடு வைத்தேன், இப்போது எழுந்து நடமாடுகிறார், உப்பு குறைவு என்று சொல்லி அனுப்புகிறார், ஆக சரியாகிவிட்டது. நீ ரயிலில் போகும்போது முகமூடி போட்டுக்கொள், அங்கேயும் அந்தப் புதுச் சட்டைக்காரன் வந்துவிட்டான் என்று பேப்பரில் பார்த்தேன். ஆபீசில் ஏதாவது தப்பு நேர்ந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல் சத்தமில்லாமல் சரிசெய்யப் பார்க்காதே, பழி பக்கத்தில் இருக்கிறவர் மேல் போய் உட்கார்ந்துவிடும்.

விசாரணை அன்றைக்கு இன்னும் ஒன்று நடந்தது. ஒன்பது வாரக் கணக்கையும் மறுபடி போட வேண்டும், அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதைச் சரிபார்த்துவிடலாம் என்று மேலாளர் பழைய படிவத்தை எடுத்தார். தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்களாம், எண்ணிக்கை பிசகினால் எல்லாம் பிசகும். நம் வீட்டுக்கு நேராக இரண்டு என்று இருந்தது. பெட்டிப் பெண் முதல் வாரம் கேட்டபோது நான்தான் இரண்டு என்று சொன்னேன். மறந்து சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன், உன்னை விட்டுவிட்டு ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. தந்தி ஆபீஸ்காரர், "பையன் போயி நாலு வருஷமாச்சே" என்றார். அதையும் அவள் தப்பு என்று எழுதிவிடப் போகிறார்களே என்று, அத்தனை பேர் முன்னால், ஒன்று என்று சொன்னேன். மேலாளர் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

அதே படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் வெளியூரிலிருந்து வந்து தங்கப் போகிறவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதியில் என்று. எல்லோரும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும், அவர் மூலைக்குப் போய் அவளிடம் சேர்த்துவிடுவார். நீ வருவதாக இருந்தால் தேதியைச் சொல். வர முடியாது என்றால் அதையும் அப்படியே சொல், பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம், லீவு கிடைப்பது உன் கையிலா இருக்கிறது. ஆனால் பார்க்கலாம் அம்மா என்று மட்டும் சொல்லாதே, அதற்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. இனிமேல் அவளுக்கு நான் தப்பான எண் கொடுக்க மாட்டேன்.

போன மாதமே சொன்ன பல் டாக்டரை மறந்துவிடாதே, வலி வந்தபின் போனால் பிடுங்கத்தான் சொல்வார்கள். உனக்கு நோய் நொடி அண்டாமல், மனசுக்குப் பிடித்த மனுஷர்கள் பக்கத்தில் இருக்கும்படி ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும், காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் கை கூப்புகிறேன். போனிலோ கடிதத்திலோ, பத்தாம் தேதிக்கு முன்னால் பதில் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா